கடல் தாண்டும் படை: ‘ஆக்சிஸ் அண்ட் அலைஸ்’ ஆடத் தொடங்குபவர்களுக்கு

இரண்டாம் உலகப் போரைப் பலகையில் ஆடும் ஆக்சிஸ் அண்ட் அலைஸ் பெட்டியைத் திறந்ததும் கை முதலில் டாங்கிக்கும் விமானத்துக்கும்தான் போகும். துருப்புக் கப்பலை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. தாக்குதல் பூஜ்யம், தற்காப்பு பூஜ்யம் என்று அட்டவணையில் போட்டிருந்தால் யாருக்கு ஆர்வம் வரும்? ஆனால் ஆட்டத்தில் உள்ள ஐந்து நாடுகளில் பிரிட்டன், ஜப்பான், அமெரிக்கா மூன்றுக்கும் தாய்நாட்டில் திரட்டிய தரைப்படையைப் போர்முனைக்குக் கொண்டுபோக இந்தக் கப்பலை விட்டால் வேறு வழி இல்லை. உலகப் போர் ஆட்டங்களில் புதியவர்கள் தடுமாறும் இடமும் பெரும்பாலும் இதுவே. தனித்தனியாகப் பார்த்தால் எந்த விதியும் கடினமில்லை. எதை எந்தக் கட்டத்தில் செய்யலாம், அடுத்த முறை வருவதற்குள் யார் யார் ஆடுவார்கள் என்ற நேரக் கணக்குதான் பிடிபடச் சற்று நாளாகும். அதோடு பழைய ஆட்டக்காரர்கள் பேசும் பாஷை வேறு. இரண்டையும் சேர்த்தே பழகுவது நல்லது. சொற்கள் எல்லாம் விதிகளிலிருந்து பிறந்தவைதான்.

முதலில் பெட்டியின் பெயரைப் பாருங்கள்

லாரி ஹாரிஸ் வடிவமைத்த இந்த ஆட்டம் 1981இல் முதலில் வெளிவந்தது. 1984இல் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்ட பதிப்புதான் அதைப் பரவலாக்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ பதிப்புகள். இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் 2012இல் வந்த ‘1942 இரண்டாம் பதிப்பு’ பெட்டிக்கு உரியது. புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதும் அதையே.

பதிப்பை ஏன் பார்க்க வேண்டும்? பழைய பெட்டிகளில் துருப்புக் கப்பலின் விலை 8. தற்காக்கும்போது பகடையில் 1 விழுந்தால் அதுவும் எதிரியை அடிக்கும். அதனால் கடற்சண்டையில் முதல் அடியைத் துருப்புக் கப்பல்களின் தலையில் கட்டிவிட்டுப் பெரிய போர்க்கப்பல்களைக் காப்பாற்றுவார்கள். 2008இல் வந்த ஆண்டுவிழாப் பதிப்பு இதைத் தலைகீழாக மாற்றியது. விலை 7 ஆனது, தற்காப்பு போனது, மற்ற கப்பல்கள் எல்லாம் மூழ்கிய பிறகுதான் துருப்புக் கப்பலை இழப்பாக எடுக்க முடியும் என்ற விதியும் வந்தது. பழைய ஆட்டக்காரர் ஒருவர் “கப்பலைக் கேடயமாக வை” என்று சொன்னால், அவர் எந்தப் பெட்டியை வைத்துப் பேசுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை ஏற்றலாம்

ஒரு கப்பலில் ஏதேனும் ஒரு தரைப்படைக் காய், கூடவே இன்னொரு காலாட்படை. கொள்ளளவு அவ்வளவுதான். இரண்டு காலாட்படை போகும். காலாட்படையும் பீரங்கியும் போகும். காலாட்படையும் டாங்கியும் போகும். இரண்டு டாங்கிகள் போகாது, டாங்கியும் பீரங்கியும் சேர்ந்தும் போகாது. விமானங்களுக்கு இதில் இடமே இல்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டத்தின் பணத்துக்கு ஐபிசி என்று பெயர். காலாட்படை 3, பீரங்கி 4, டாங்கி 6. தாக்கும்போது காலாட்படைக்கு 1, டாங்கிக்கு 3, பீரங்கிக்கு 2; பகடையில் அந்த எண்ணோ அதற்குக் குறைவோ விழுந்தால் அடி. பீரங்கி பக்கத்தில் இருந்தால் காலாட்படையும் 2 ஆகிவிடும். ஆகவே காலாட்படையும் டாங்கியும் 9 ஐபிசிக்கு மொத்தம் 4 பலம் தருகின்றன. காலாட்படையும் பீரங்கியும் அதே 4 பலத்தை 7 ஐபிசிக்கே தருகின்றன. தரையிறங்கியதும் உள்நாட்டுக்குள் வேகமாக ஓட வேண்டிய தேவை இருந்தால் ஒழிய, கப்பலில் பீரங்கியை ஏற்றுங்கள். இந்தப் பலத்தின் கூட்டுத்தொகையைத்தான் ஆட்டக்காரர்கள் ‘பஞ்ச்’ என்கிறார்கள். அடி வாங்கி முதலில் விழுவதற்காகவே கொண்டுபோகும் மலிவான காலாட்படைக்கு ‘ஃபாடர்’ என்று பெயர். பஞ்ச் இருந்து ஃபாடர் இல்லாத படை இரண்டாம் சுற்றுப் பகடையிலேயே கரைந்துவிடும்.

ஒரு முறையின் ஆறு கட்டங்கள்

ஒவ்வொரு நாடும் தன் முறையில் ஆறு கட்டங்களைக் கடக்கிறது: வாங்குதல், போர் நகர்வு, சண்டை, போரற்ற நகர்வு, வாங்கியதைப் பலகையில் வைத்தல், வருமானம். ‘சிஎம்’ என்று யாராவது சொன்னால் போர் நகர்வு. ‘என்சிஎம்’ என்றால் போரற்ற நகர்வு.

கப்பலுக்கு இதில் மூன்று விஷயங்கள் முக்கியம். வாங்கிய கப்பல் ஐந்தாம் கட்டத்தில்தான் கடலில் இறங்கும்; அடுத்த முறைக்கு முன் அது நகராது. போர் நகர்வில் நகர்ந்த கப்பல் அதே முறையில் போரற்ற நகர்வில் மறுபடி நகராது. மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. போர் நகர்வுகள் எல்லாம் ஒரே சமயத்தில் நடப்பதாகக் கணக்கு. எதிரிப் போர்க்கப்பல் ஒன்று வழியில் நின்றால், அதை இந்த முறையில் நீங்கள் மூழ்கடிக்கப் போகிறீர்கள் என்றாலும் போர் நகர்வில் அதைத் தாண்ட முடியாது. சண்டை முடிந்து வழி சுத்தமான பிறகு, போரற்ற நகர்வில் தாண்டலாம்.

முதல் விஷயத்தால் ஒரு பெரிய விளைவு உண்டு: படையெடுப்பை ஒளித்துவைக்க முடியாது. ஜெர்மனி தன் முதல் முறையில் இரண்டு மூன்று துருப்புக் கப்பல்களை வாங்கிக் கடலில் வைத்தால் பலகையைப் பார்க்கும் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். ஆட வேண்டிய வரிசை சோவியத், ஜெர்மனி, பிரிட்டன், ஜப்பான், அமெரிக்கா. ஜெர்மனிக்கு அடுத்தே பிரிட்டன் வருவதால் லண்டன் உடனே காலாட்படையை வாங்கிக் குவிக்கும். பிரிட்டன் மீது ஜெர்மனி பாயும் இந்தத் திட்டத்தை ‘சீலயன்’ என்பார்கள். 1940இல் ஹிட்லர் தீட்டிக் கைவிட்ட திட்டத்தின் பெயர் அது. “ஜி1ல் சீலயன் வாசனை வருது” என்று ஒருவர் சொன்னால், ஜெர்மனியின் முதல் முறை என்று படியுங்கள். ‘ஜே2’ ஜப்பானின் இரண்டாம் முறை, ‘ஆர்3’ ரஷ்யாவின் மூன்றாம் முறை. நாட்டின் முதல் எழுத்தும் சுற்றின் எண்ணும், அவ்வளவே.

ஏற்றுவதும் இறக்குவதும்

கப்பல் ஒரு முறையில் இரண்டு கடல் மண்டலம் வரை போகும். கிளம்பும் இடத்திலும் ஏற்றலாம், ஒரு மண்டலம் போய் அங்கேயும் ஏற்றலாம், சேருமிடத்திலும் ஏற்றலாம். இறக்குவது மட்டும் பயணத்தின் கடைசியில்தான். இறக்கிய கப்பல் அந்த முறையில் அசையாது. ஒரே கப்பலிலிருந்து இரண்டு நிலப்பகுதிகளில் பிரித்து இறக்க முடியாது. ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாற்றவும் முடியாது. எதிரியின் போர்க்கப்பல் நிற்கும் மண்டலத்தில் ஏற்றவோ இறக்கவோ கூடாது. முதலில் அதை விரட்ட வேண்டும்.

தரைப்படைக்கோ கப்பல் பயணமே அந்த முறையின் முழு நகர்வு. டாங்கி இரண்டு நிலப்பகுதி ஓடும் என்பதால் ஒரு நிலப்பகுதி ஓடி வந்து கப்பலேறலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். முடியாது. ஏறுவதற்கு முன்னும் நகரக் கூடாது, இறங்கிய பின்னும் நகரக் கூடாது. கடற்கரைப் பகுதியில் முந்தைய முறையிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும்.

கப்பல் நகராமலே ஏற்றி இறக்குவதும் உண்டு. பால்டிக் கடல் மண்டலத்தில் ஜெர்மனியின் கப்பல் நிற்கிறது என்றால், ஜெர்மனியில் இருக்கும் இரண்டு காய்களை ஏற்றி, அதே மண்டலத்தின் மறுகரையான பின்லாந்தில் இறக்கலாம். இதற்கு ‘பிரிட்ஜிங்’ என்று பெயர். கப்பல் அங்கே பாலமாகிவிடுகிறது.

நட்பு நாட்டின் கப்பலில் உங்கள் படையை ஏற்றலாம், ஆனால் பொறுமை வேண்டும். உங்கள் முறையில் ஏற்றுகிறீர்கள், நண்பர் தன் முறையில் கப்பலை நகர்த்துகிறார், நீங்கள் உங்கள் அடுத்த முறையில் இறக்குகிறீர்கள். அவசரத்துக்கு உதவாது, அமெரிக்கக் கப்பல் சும்மா நிற்கும்போது பிரிட்டன் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அடுத்து வருவதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். கடல்வழிப் போக்குவரத்தின் பொருளாதாரமே இதில்தான் இருக்கிறது. நீங்கள் ஏற்றும் கரைக்கும் இறக்கும் கரைக்கும் இடையே ஒரு மண்டலத் தூரம்தான் என்றால், இறக்கும் முனையில் நிற்கும் காலிக் கப்பல் ஒரு மண்டலம் திரும்பி வந்து, ஏற்றி, மறுபடி ஒரு மண்டலம் போய் இறக்கிவிடும். எல்லாம் ஒரே முறையில். நான்கு கப்பல் இருந்தால் ஒவ்வொரு முறையும் எட்டுக் காய்கள் கரை சேரும். தூரம் இரண்டு மண்டலமானால் கதையே வேறு. திரும்பி வருவதற்கே நகர்வு முடிந்துவிடும். அங்கே ஏற்றி வைத்து, அடுத்த முறைதான் போக முடியும். ஒவ்வொரு முறையும் அதே எட்டுக் காய்கள் இறங்க வேண்டுமானால் எட்டுக் கப்பல்கள் தேவை, நான்கு போக நான்கு வர. கூடுதல் நான்கு கப்பலுக்கு 28 ஐபிசி. அமெரிக்காவின் தொடக்க வருமானமே 42தான். இப்படி இரண்டு கூட்டமாகக் கப்பல்கள் மாறி மாறி ஓடும் ஓட்டத்தை ‘ஷக்-ஷக்’ அல்லது சுருக்கமாக ‘ஷக்’ என்பார்கள். ஆகவே கப்பல் வாங்கும் முன் பலகையில் விரலை வைத்து மண்டலங்களை எண்ணுங்கள். தூரத்தை ஒன்றாகக் குறைக்கும் கரை ஏதாவது இருக்கிறதா, அங்கே படையைத் தரைவழியாகக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். ஒரு முறை தாமதமானாலும் பல சமயம் அதுவே லாபம்.

தரையிறங்கும் சண்டை

எதிரி நிலத்தில் கடல்வழியாக இறங்கும்போது வரிசை மாறாது: முதலில் கடற்சண்டை, பிறகு கரையை நோக்கிய குண்டுவீச்சு, கடைசியில் நிலச்சண்டை. கடற்சண்டை நடந்த மண்டலத்தில் குண்டுவீச்சு கிடையாது. நடக்கவில்லை என்றால் கூட வந்த போர்க்கப்பல்களில் பேட்டில்ஷிப் 4க்கும் க்ரூசர் 3க்கும் ஆளுக்கு ஒரு பகடை போடும். ஆனால் எத்தனை காய்கள் கரையிறங்குகின்றனவோ அத்தனை கப்பல்கள்தான் சுடலாம். ஒரே ஒரு காலாட்படையை இறக்கிவிட்டு மூன்று கப்பலால் சுட முடியாது. குண்டுவீச்சில் அடிபட்ட தற்காப்புப் படையும் ஒருமுறை திருப்பிச் சுட்டுவிட்டுத்தான் விழும்.

கப்பலிலிருந்து இறங்கிய படைக்குப் பின்வாங்கும் உரிமை இல்லை. வெல்ல வேண்டும், இல்லையேல் அங்கேயே அழிய வேண்டும். விமானங்களும், பக்கத்து நிலத்திலிருந்து நடந்து வந்த படையும் பின்வாங்கலாம். எதிரியை ஒருமுறை அடித்துப் பலவீனப்படுத்திவிட்டு, நிலத்தைப் பிடிக்காமலே வெளியேறும் தந்திரத்துக்கு ‘ஸ்ட்ரேஃப்’ என்று பெயர். கடல்வழிப் படையை வைத்து அதைச் செய்யவே முடியாது.

நீர்மூழ்கி பற்றி ஒன்று. இறங்க வேண்டிய மண்டலத்தில் எதிரியின் நீர்மூழ்கி மட்டும் இருந்தால், அதைத் தாக்காமல் கண்டுகொள்ளாமல் விடலாம். ஆனால் உங்கள் போர்க்கப்பல் ஒன்றாவது கூட வந்திருந்தால்தான் படையை இறக்க முடியும்.

காவல் இல்லாமல் கப்பல் இல்லை

துணையில்லாத துருப்புக் கப்பல்களை எதிரியின் ஒரே ஒரு விமானம் வந்து தொட்டாலும் போதும், பகடைகூட உருட்ட வேண்டாம், எத்தனை கப்பல் இருந்தாலும் உள்ளே இருக்கும் படையோடு மூழ்கும். காலாட்படையும் பீரங்கியும் ஏற்றிய இரண்டு கப்பல்கள் 28 ஐபிசி பெறும்.

எனவே ஒவ்வொரு முறையும் கப்பல்களை எங்கே நிறுத்தி முடிக்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். அந்த மண்டலத்தை எட்டக்கூடிய எதிரி விமானங்களையும் கப்பல்களையும் எண்ணுங்கள். போர் விமானம் பலகையில் 4 பகுதி, குண்டுவீச்சு விமானம் 6 பகுதி போகும். அதற்குள் திரும்பித் தரையிறங்கவும் வேண்டும். அவற்றின் பலத்தைக் கூட்டி 6ஆல் வகுத்தால், ஒரு சுற்றில் தோராயமாக எத்தனை அடி விழும் என்று தெரியும். உதாரணமாக, ஜெர்மனியின் நான்கு போர் விமானங்களும் ஒரு குண்டுவீச்சு விமானமும் வரலாம் என்றால் 12 + 4 = 16; சுமார் 2.7 அடி. உங்களிடம் ஒரு விமானந்தாங்கி (தற்காப்பு 2), அதில் இரண்டு போர் விமானங்கள் (4 + 4), ஒரு டெஸ்ட்ராயர் போர்க்கப்பல் (2). மொத்தம் 12, இரண்டு அடி. நான்கு காய்களோடு ஐந்து மோதுகின்றன. எதிரியின் கைதான் ஓங்கியிருக்கிறது. இப்போது அமெரிக்கா தன் முறையில் ஒரு க்ரூசரையும் ஒரு டெஸ்ட்ராயரையும் அதே மண்டலத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் காவல் 17 ஆகும், ஆறு காய்கள். ஜெர்மனி இனி யோசிக்கும்.

நட்பு நாடுகள் சேர்ந்து தாக்க முடியாது, ஆனால் சேர்ந்து தற்காக்கலாம். ஜெர்மனிக்குப் பிறகு பிரிட்டன், அப்புறம் ஜப்பான், அமெரிக்கா, சோவியத், அதன் பிறகே மறுபடி ஜெர்மனி. பிரிட்டனும் அமெரிக்காவும் ஜெர்மனியின் இரு முறைகளுக்கு நடுவில் வருவதால் அட்லாண்டிக்கில் இருவரும் கடற்படையைச் சேர்த்து நிறுத்துவது அவ்வளவு பயன் தருகிறது.

காவலுக்கு என்ன வாங்குவது என்று கேட்டால், முதலில் டெஸ்ட்ராயர் என்பேன். விலை 8. அது இருந்தால் எதிரி நீர்மூழ்கியின் தந்திரங்கள் பலிக்காது. அடுத்தது விமானந்தாங்கி. பேட்டில்ஷிப் பார்க்க அழகு, 20 ஐபிசி. கைநிறையப் பணம் உள்ளபோது வாங்கிக்கொள்ளலாம்.

பேச்சில் அடிபடும் மற்ற சொற்கள்

கப்பல்களுக்கு ஈரெழுத்துச் சுருக்கம் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் குறியீடுகளிலிருந்து வந்தவை: ‘டிடி’ டெஸ்ட்ராயர், ‘சிஏ’ க்ரூசர், ‘பிபி’ பேட்டில்ஷிப், ‘சிவி’ விமானந்தாங்கி, ‘எஸ்எஸ்’ நீர்மூழ்கி.

‘பிளாக்கர்’ என்பது வழிமறிக்கத் தனியாக நிறுத்தும் ஒற்றைக் கப்பல். எதிரிப் போர்க்கப்பல் நிற்கும் மண்டலத்தில் நுழைந்தால் அங்கேயே நின்றாக வேண்டும். நீர்மூழ்கியும் துருப்புக் கப்பலும் மட்டும் நின்றால் இந்தத் தடை கிடையாது. அதனால் பிளாக்கராக நிறுத்த ஆக விலை குறைந்த காய் டெஸ்ட்ராயர்தான். எட்டு ஐபிசியைப் பலிகொடுத்து எதிரியின் பெரும் கடற்படையை ஒரு முறை தாமதப்படுத்துவது பல சமயம் நல்ல பேரம்.

இதற்கு மாற்று மருந்து ‘கேன் ஓப்பனர்’. ஒரு நாடு தன் முறையில் தடையை உடைக்கிறது. பின்னால் வரும் நட்பு நாடு திறந்த வழியில் பாய்கிறது. பிரிட்டன் பிளாக்கரை மூழ்கடிக்க, அமெரிக்கக் கப்பல்கள் கடந்துபோய்ப் படையை இறக்கும். உங்கள் பிளாக்கர் பாதுகாப்பா என்று பார்க்கும்போது எதிரணியின் எல்லா நாடுகளையும் கணக்கில் எடுங்கள்.

‘டெட் ஸோன்’ என்பது யார் முதலில் நுழைந்தாலும் எதிராளியின் பதிலடியில் அழியும் இடம். நிலத்துக்குச் சொல்வதுதான் வழக்கம், கடலுக்கும் பொருந்தும். ‘ஸ்டாக்’ என்றால் ஒரே இடத்தில் குவித்த பெரும்படை. ‘எஸ்பிஆர்’ எதிரியின் தொழிற்சாலை மீது குண்டு வீசுவது. ‘டியூவி’ ஒரு நாட்டின் காய்களின் மொத்த ஐபிசி மதிப்பு. ஒரு சண்டை லாபமா நஷ்டமா என்று பேச உதவும். ‘பிட்’ என்பது பலம் குறைந்ததாகக் கருதும் அணிக்கு ஆட்டம் தொடங்கும் முன் தரும் கூடுதல் ஐபிசி. ‘ஓஓபி’ என்றால் மாற்றம் எதுவும் செய்யாமல், பெட்டியில் உள்ளபடியே ஆடுவது.

‘கேஜிஎஃப்’ நேச நாடுகளின் திட்டம்: முதலில் ஜெர்மனியை வீழ்த்துவது. உண்மைப் போரிலும் அமெரிக்காவும் பிரிட்டனும் எடுத்த முடிவு அதுதான். ஜப்பானை முதலில் வீழ்த்துவது ‘கேஜேஎஃப்’. எதை எடுத்தாலும் அமெரிக்காவின் முதல் இரண்டு முறைகளில் கப்பல்தான் வாங்க வேண்டியிருக்கும்.

வேறு ஆட்டத்துக்குப் போகும்போது

ஒரே சொல் வேறு ஆட்டத்தில் வேறு பொருள் தரும். 1959இல் வெளிவந்த ‘டிப்ளமசி’யில் துருப்புக் கப்பல் என்ற காயே இல்லை. கடலில் நிற்கும் கடற்படை நகராமல் நின்று, தரைப்படையை இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கடத்திவிடும். அதற்குக் ‘கான்வாய்’ என்று பெயர். சங்கிலியாகப் பல கடற்படைகள் நின்றால் ஒரே முறையில் எவ்வளவு தூரமும் போகலாம். நடுவில் ஒரு கடற்படையை எதிரி இடம்பெயர்த்துவிட்டால் அந்த வழி அறுந்து, தரைப்படை கிளம்பிய இடத்திலேயே நிற்கும். ஆனால் ஆக்சிஸ் அண்ட் அலைஸின் 1940 பதிப்புகளில் ‘கான்வாய்’ என்பது எதிரி வந்து நின்றால் உங்கள் வருமானத்தைக் குறைக்கும் கடல் மண்டலம். அந்தப் பதிப்புகளில் கடற்படைத் தளங்களும் உண்டு. அங்கிருந்து கிளம்பும் கப்பல் இரண்டுக்குப் பதில் மூன்று மண்டலம் போகும். இதுவரை சொன்ன தூரக் கணக்கெல்லாம் அங்கே மாறிவிடும்.

பழக ஒரு பயிற்சி

தனியாக ஜப்பானை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று சுற்று ஆடிப் பாருங்கள். தொடக்க வருமானம் 30, தொழிற்சாலை ஜப்பான் தீவில் மட்டுமே, ஒரு முறைக்கு எட்டுக் காய்கள்தான் அங்கே வைக்க முடியும். இலக்கு பிரிட்டன் வசமுள்ள இந்தியா; அங்கே தொழிற்சாலையும் இருக்கிறது, வெற்றிக்குரிய நகரங்களில் ஒன்றான கல்கத்தாவும் இருக்கிறது. நான்கு காலாட்படை, நான்கு பீரங்கி என்று வாங்கினால் 28 ஐபிசி. அவற்றை அள்ளிப்போக நான்கு கப்பல்கள் வேண்டும். எந்த முறையில் கப்பல் வாங்குவது, எந்த முறையில் படை வாங்குவது, எந்தக் கரையில் இறக்கினால் தூரம் ஒரு மண்டலமாகும், திரும்பி வரும் காலிக் கப்பலுக்கு யார் காவல் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே நகர்த்துங்கள். பலகை கைவசம் இல்லாவிட்டால் ‘ட்ரிபிள்ஏ’ என்ற இலவச மென்பொருளில் இதே ஆட்டத்தைக் கணினியில் ஆடலாம். அதிலுள்ள சண்டைக் கணிப்பானில் மேலே போட்ட 16க்கு 12, 16க்கு 17 கணக்குகளைக் கொடுத்துப் பாருங்கள்.